அலமாரிக்கு அளவெடுத்த புத்தகம்

மேடையில் இருந்தவர்கள்: எங்கள் கல்லூரித் தாளாளர், அவர் மனைவி, அவர் சம்பந்தி, முட்டை ஏற்றுமதியாளர் ஒருவர், எப்போதோ எங்கேயோ துணைவேந்தராக இருந்த ஒருவர், பட்டிமன்ற நடுவர் ஒருவர், கடைசி நாற்காலியில் நூலகர் தனசேகரன். கீழே முன்வரிசையில், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி முதலாளிகளும் கோழிப்பண்ணைக்காரர்களும். அவர்களுக்குப் பின்னால், வராவிட்டால் உள்மதிப்பெண் குறையும் என்று சொல்லி உட்காரவைக்கப்பட்ட இரண்டாமாண்டு மாணவர்கள்.

வராதவர் ஒருவர்தான். ஜமீலா அக்கா. அவர் கொடுத்த புத்தகத்துக்குத்தான் அன்றைக்கு விழா.

வராதவர் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை. அழைப்பிதழில் பந்தல்காரர் பெயர் இருந்தது, ஒலி ஒளி அமைப்பாளர் பெயர் இருந்தது, மதிய உணவை ஏற்றுக்கொண்ட அரிசி மண்டியின் பெயர் இருந்தது. அவர் பெயர் எங்கே என்று நூலகரிடம் கேட்டேன்.

“நன்கொடையாளர்களுக்கு நன்றின்னு கடைசி வரியில போட்டிருக்குதில்ல மாதேசு? அதுக்குள்ள அந்தம்மாவும் வந்துட்டாங்க” என்றார்.

கண்ணாடி அலமாரியை மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார்கள். நடுத்தட்டில் சிவப்புக் காலிகோத் துணியில் அட்டை போட்ட ஒரு புத்தகம் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் தண்ணீர் தெளித்த மாலை. சொட்டிக்கொண்டிருந்தது. கையால் எழுதிய பழைய தாளுக்கு ஈர மாலை போடலாம் என்று முடிவெடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. கைதட்டியவர்கள் எல்லாரையும் தெரியும்.

பட்டிமன்ற நடுவர் புத்தகத்தை எடுத்து, நடுவில் விரித்து, கேமராவுக்குக் காட்டினார். தாளாளர் ஓடிவந்து அட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், புது வண்டிக்குச் சாவி வாங்குகிற மாதிரி.

நான் வாசலில் சாப்பாட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்க்க, புத்தகம் நான் வாங்கி வந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. தூரம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கேட்ட கேள்வி

எங்கள் ஊர் திருச்செங்கோடு பக்கம். அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பாதிக்குமேல் வடக்கே எங்காவது ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் போய் நூலக அறிவியல் படித்தேன். அது என்ன படிப்பு என்று உறவுக்காரர்களுக்கு விளக்குவதிலேயே இரண்டு வருஷம் போய்விட்டது.

இந்தக் கல்லூரியில் ‘ஆவணச் சேகரிப்பு உதவியாளர்’ என்று தொகுப்பூதியத்தில் வேலை கிடைத்தபோது அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னால் கம்ப்ரசர் சத்தம் இரைந்தது.

“என்ன வேலை சாமி?”

“கையால எழுதின பழைய புஸ்தகம், ஏட்டுச் சுவடி எல்லாம் தேடிப்போய் வாங்கோணுங்கப்பா.”

“பழசா? புதுசே வாங்க வக்கில்லாத ஊட்டுல பொறந்துபோட்டு பழசு வாங்கப் போறயா நீ? சரி, சம்பளமாவது புதுசாக் குடுப்பாங்களா, அதுவும் அவிய ஊட்டுப் பழசு ஏதாவது தருவாங்களா?”

நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அந்த வேலை பெரிய காரியமாக இருந்தது. நூலகம் என்றால் அது ஒரு சுத்தமான இடம், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எழுத்தைக் கண்டால் கையைத் துடைத்துக்கொண்டு தொடுவார்கள் என்று நம்பினேன். அப்படி நம்பியதற்காக என்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நம்பிக்கையை எடுத்து மேஜை துடைத்தவர்கள்மேல்தான் இருக்கிறது.

கல்லூரிக்கு ஏன் திடீரென்று பழைய புத்தகங்கள்மேல் ஆசை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரம் பார்க்க ஓர் ஆய்வுக் குழு வரவிருந்தது. அரிய நூல் தொகுப்பு இருந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்று யாரோ தாளாளர் காதில் போட்டுவிட்டார்கள். மறுநாளே உத்தரவு வந்தது.

“பழசா நாலு புடிச்சுட்டு வா கண்ணு. பாத்தாலே பழசுன்னு தெரியோணும். ஆனா அழுக்கா இருக்கக் கூடாது.”

ஓட்டை இல்லாத சுவடி

அழுக்கில்லாத பழசு எங்கே கிடைக்கும்? நான் செய்தித்தாளில் சின்னதாக ஒரு விளம்பரம் கொடுக்கச் சொன்னேன். வந்தவை பெரும்பாலும் பித்தளைச் சொம்பு, ஓடாத கடிகாரம், செல்லாத நோட்டு. பளபளப்பானதையெல்லாம் நூலகர் உடனே வாங்கிக்கொண்டார்.

பரமத்தி வேலூரிலிருந்து ஒரு விவசாயி பஸ்ஸில் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். வாழைநாரில் கட்டிய ஓலைச் சுவடிக் கட்டு ஒன்றை மடியில் வைத்தபடி நூலகர் முன்னால் உட்கார்ந்தார். மாட்டு வைத்தியம் என்றார். அவர் பாட்டனார் காலம்வரை ஊரில் மாட்டுக்கு நோய் வந்தால் அந்தக் கட்டைப் பிரித்துத்தான் பார்ப்பார்களாம்.

தனசேகரன் சார் ஓர் ஓலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஏனுங்க, இதுல பூச்சி ஓட்டை இருக்குதுங்களே?”

“பழசுங்க. இருக்காதுங்களா?”

“இத்தனை ஓட்டைய ஷோகேஸ்ல வச்சா பாக்கறவிய என்ன நெனப்பாங்க? ஓட்டையில்லாததா இருந்தாக் கொண்டாங்க.”

விவசாயி சுவடியை வாங்கி நாரைச் சுற்றினார். அவசரமே இல்லை. “ஏனுங்க சார், உங்க பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் தோண்டிப் பாத்தா ஒரு ஓட்டையுமில்லாமயா இருக்கப் போவுது? அதுக்காவ உங்களை இங்க உக்கார வைக்காம உட்டுட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்தார்.

நான் பஸ் நிறுத்தம்வரை அவர் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். “நீ எதுக்கு சாமி கேக்கற? நீ நல்ல பையன். வேற நல்ல எடமாப் பாரு” என்று என் தோளைத் தட்டிவிட்டு கரூர் பஸ்ஸில் ஏறிப் போனார். ஒரு ஊரின் மாட்டு வைத்தியம் அப்படித்தான் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் போனது.

அப்போதே நான் வேறு இடம் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் ஜமீலா அக்காவைச் சந்தித்தேன்.

ஓரத்தில் எழுதியவர்கள்

ஜமீலா அக்கா சேலம் டவுனில், கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையில் சேலை எடுத்துவந்து வீட்டிலேயே வைத்து விற்பார். எங்கள் மாமா பெண்ணின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அம்மாவோடு போயிருந்தேன். அம்மா சும்மா இருக்காமல், பையன் பழைய புத்தகம் வாங்குகிற உத்தியோகத்தில் இருக்கிறான் என்று சொல்லிவைத்தார்.

சேலையை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. “அரபு எழுத்துல இருந்தாலும் வாங்குவீங்களா தம்பி?”

பீரோவின் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். சேலைக்குப் போடும் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. உள்ளே தோல் அட்டை போட்ட நீளமான புத்தகம். இரண்டு சாண் உயரம் இருக்கும். பிரித்ததும் கிராம்பு வாசனை வந்தது. பூச்சி அண்டாமலிருக்கத் தாள்களுக்கு நடுவே போட்டிருந்தார்.

எழுத்து அரபு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாக விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தார்: “பச்சப்புள்ளைக்கு மாந்தம் கண்டால் வசம்பைச் சுட்டு…”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழ்! எழுத்துதான் அரபு, பேச்சு நம் வீட்டுப் பேச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று காது வழியாகப் புரிந்தது. என் அம்மாகூடச் சேலையை விட்டுவிட்டு, “அட, வசம்பு நாமளும் போடறதுதானுங்க” என்றார்.

நடுப்பகுதி முழுக்க அக்காவின் கொள்ளுத்தாத்தா எழுதிய கைமருந்துக் குறிப்புகள். ஆனால் அக்கா எனக்குக் காட்ட விரும்பியது அதை அல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டிருந்தார்கள். அந்த ஓரங்களில் சாய்வாக, பொடியாக, வேறு வேறு மையில் யார் யாரோ எழுதியிருந்தார்கள்.

“இதெல்லாம் எங்க வூட்டுப் பொம்பளைங்க. ஸ்கூலுக்கு அனுப்பல. ஓதறதுக்குன்னு அரபு எழுத்து மட்டும் சொல்லிக் குடுத்தாங்க. அதை வச்சுக்கிட்டுத் தமிழ எழுதியிருக்காளுங்க பாருங்க. இந்த மருந்து கேட்டுச்சு, இது கேக்கல, இன்ன நாளு புள்ளை பொறந்துச்சு, நாத்தனாக்காரி பேசல… எல்லாம் இருக்கு.”

ஒரு பக்கத்தில் மட்டும் அவர் விரல் நகரவில்லை. இடப்பக்கத் தாளின் வெளி ஓரத்தில், பச்சை மையில் பத்துப் பன்னிரண்டு வரிகள்.

“இது எங்கம்மா. நான் பொறந்தப்ப எழுதுனது. எனக்கு வெவரம் தெரியறதுக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாங்க. போட்டோ எடுக்க எங்க அத்தா விட மாட்டாராம். அதனால மொகம் தெரியாது. இதுதான் எனக்கு அம்மா.”

அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

அப்படிப்பட்ட புத்தகத்தை ஏன் கொடுக்க வேண்டும்? அவருடைய வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகியது. அண்ணன்காரர் வேறு வருகிறபோதெல்லாம் ஒரே பேச்சு: அரபு எழுத்து இருக்கிற தாள் கிழிந்து காலில் மிதிபட்டால் பாவம், முறைப்படி பள்ளிவாசல் கிணற்றில் விட்டுவிடலாம் என்று. பழைய வேத ஏடுகளுக்கு அவர்கள் செய்கிற மரியாதை அது.

“அண்ணன் சொல்றது தப்புன்னு சொல்லல தம்பி. ஆனா எங்கம்மாவை நானே எப்படிக் கிணத்துல விடறது? காலேஜ்னா ஏசி ரூம்பு, கண்ணாடிப் பொட்டி எல்லாம் இருக்கும்ல? பத்திரமா இருக்கட்டும். நான் செத்தாலும் இருக்கும்ல?”

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். காட்சிக்கு வைப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கங்களையும் காப்பி எடுத்து அவருக்கு ஒன்று கொடுக்க வேண்டும். இத்தனை நாளாக ஏன் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை என்று கேட்டேன். “வூட்டுல இருக்கிறவங்கள யாரு தம்பி போட்டோ எடுத்து வச்சுக்குவா?” என்றார்.

காசு வேண்டாம் என்றுவிட்டார். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல் பஸ்ஸில் வந்தேன். நிற்கிறவர்கள் யாரும் மேலே சாய்ந்துவிடாதபடி முதுகைக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

பட்டறையில் செய்த அலமாரி

இனி அலமாரி. தாளாளரின் குடும்பத் தொழில் லாரிக்கு பாடி கட்டுவது. ஆகவே ஆவணக் காப்பகத்துக்கான கண்ணாடி அலமாரியும் அவர் பட்டறையிலேயே தயாரானது. இரும்புத் தகடு, நாலு மூலையிலும் லாரிக்குப் போடுகிற அதே கெட்டி போல்ட், விளிம்பெல்லாம் மஞ்சள் பச்சையில் பூ வேலை. பின்பக்கம் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதாததுதான் பாக்கி.

தட்டுகளுக்கு அளவு கேட்டு பட்டறையிலிருந்து போன் வந்தபோது நூலகர் கையில் கல்லூரி ஆண்டு மலர் இருந்தது. அதை அளந்து சொல்லிவிட்டார். தட்டுகளை அந்த உயரத்துக்கு வெல்டு வைத்துவிட்டார்கள்.

ஜமீலா அக்காவின் புத்தகம் அதற்குள் நிற்கவில்லை. படுக்கவைத்தால் கண்ணாடிக் கதவு மூடவில்லை.

“தட்ட ஒண்ணு அறுத்து எறக்கிரலாமுங்க சார்” என்றேன்.

“பெயின்ட்டு ஒரைஞ்சு போகும். ஐயா சத்தம் போடுவார்.”

நான் இன்னொன்றும் சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் ஒன்றுக்கு நாலு தடவை சொன்னேன். முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும், அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஓரங்களில் எல்லாம் கையெழுத்து இருக்கிறது என்று. காப்பகத்துக்கென்று வாங்கிய ஸ்கேனர் அட்மிஷன் ஆபீஸில் மாணவர்களின் ஆதார் அட்டையை நகலெடுத்துக்கொண்டிருந்தது. “விழா முடியட்டும், சாவகாசமா எடுத்துக்கலாம்” என்றார் நூலகர்.

அந்த வாரம் முழுக்க என்னை அழைப்பிதழ் கொடுக்க அனுப்பிவிட்டார்கள். சங்ககிரி லாரி ஆபீஸ்கள், ராசிபுரம், பரமத்தி வேலூர் என்று அலைந்தேன். ஒவ்வோர் அழைப்பிதழோடும் ஒரு எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு. கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரிதான். ‘அரிய நூல்களைக் காக்க அனைவரும் வருக’ என்று அச்சடித்திருந்ததை ஒரு லாரி முதலாளி வாசித்துவிட்டு, “அன்னிக்கு மட்டன் போடறீங்களா?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த விழாவைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

செய்தித்தாளில் தலைகீழ்

விழா முடிந்தது. அலமாரிச் சாவி தாளாளர் வீட்டுக்குப் போய்விட்டது. சில நாள் கழித்து ஒரு மதியம், வாட்ச்மேன் வந்து, யாரோ ஒரு முஸ்லிம் அம்மா என் பெயரைச் சொல்லிக் கேட்டில் நிற்கிறார் என்றார். ஓடினேன். ஜமீலா அக்கா. கையில் மடித்த செய்தித்தாள்.

“பேப்பர்ல போட்டோ வந்துச்சு தம்பி. விழாவுக்குக் கூப்பிடலன்னு நான் வருத்தப்படல. ஆனா கிதாபைத் தலைகீழாப் புடிச்சிருக்காங்களே, அது எங்க வூட்டுதுதானா?”

பார்த்தேன். அரபு எழுத்து வலப்பக்கம் தொடங்கும், புத்தகமும் அந்தப் பக்கம்தான் திறக்கும். நான் அழைப்பிதழோடு அலைந்த வாரத்தில் புது அட்டை போட்டவர், நம் வழக்கப்படி அதுதான் முன்பக்கம் என்று நினைத்து, கடைசிப் பக்கத்தின் மேல் தலைப்பைத் தங்க எழுத்தில் பொறித்திருந்தார். பட்டிமன்ற நடுவர் அதைத் திறந்து குழம்பி, எப்படியோ பிடித்துச் சிரித்திருக்கிறார். கைதட்டிய இருநூறு முந்நூறு பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

தாளாளர் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சாவி வாங்க ஒரு மணி நேரம் ஆனது. நூலகர் அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கிராம்பு வாசனை இல்லை, பசை நாற்றம். தோல் அட்டை இல்லை. முதல் பக்கத்தில் எழுத்தின் மேலேயே கல்லூரியின் ரப்பர் ஸ்டாம்பு, வட்டமாக, ஊதா நிறத்தில். மூன்று பக்கமும் கத்தியால் சீவியது போலத் தாள்கள் ஒரே மட்டமாக இருந்தன.

தட்டுக்குள் நிற்பதற்காகப் புத்தகத்தை வெட்டியிருந்தார்கள்.

அக்கா வாங்கி மேஜைமேல் வைத்துப் பக்கங்களைத் தள்ளினார். அவர் தேடியது கிடைத்தது. இடப்பக்கத் தாள், வெளி ஓரம். பச்சை மை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் மிச்சமிருந்தது. எழுத்து வலமிருந்து போவதால் ஒவ்வொரு வரிக்கும் தொடக்கம் இருந்தது. முதல் சொல், சில இடங்களில் இரண்டாம் சொல்லில் பாதி. அதோடு தாள் முடிந்துவிட்டது.

அக்கா விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். “என்ற… புள்ள… இவளுக்கு… எப்பவும்…” அடுத்த வரிக்கு வரும்போதெல்லாம் விரல் காற்றில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியது.

நூலகர் சங்கடமாக நின்றார். “நல்லா பைண்டு பண்ணித்தானம்மா வச்சிருக்கறோம். முன்னயவிட நீட்டா இருக்குது பாருங்க.”

“ஓரத்துல எழுத்து இருக்குதுன்னு சொன்னனுங்களே சார்!” என்றேன்.

“ஓரத்துல கிறுக்கியிருக்குதுன்னுதான் நானும் புரிஞ்சுக்கிட்டேன் மாதேசு. கிறுக்கல் போனா நல்லதுதான?”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மனப்பூர்வமாகவே அப்படி நினைத்திருந்தார். நூலகத்தில் இருபது வருஷம் இருந்தவர். ஓரத்தில் எழுதிய மாணவர்களுக்கு அபராதம் போட்டே பழகியவர்.

வெட்டிய ஓரம் போன வழி

அக்காவைக் கூட்டிக்கொண்டு பைண்டரிடம் ஓடினேன். நாமக்கல்லில் ஒரு சந்துக்குள் சின்னக் கடை. குமார் என்று பெயர். கட்டிங் மிஷினில் கல்யாணப் பத்திரிகையை வெட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பழைய புக்குங்களா? சார்தான் அளவு எழுதிக் குடுத்தாருங்க. அந்தளவுக்குத்தான் வெட்டுனேன். ஏனுங்க, ஏதாச்சும் கோணலா இருக்குதுங்களா?”

“வெட்டுன ஓரமெல்லாம் எங்கங்க?” அக்காதான் கேட்டார்.

“அது வேஸ்ட்டுங்களே. சாக்குல கட்டி வச்சா வாரா வாரம் முட்டை அட்டை மில்லுக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிருவானுங்க.”

முட்டை அடுக்குகிற அட்டைத் தட்டுகளுக்குப் பழைய தாளைத்தான் கூழாக்குவார்கள். வண்டி வந்து போய் நாலு நாள் ஆகியிருந்தது. மில்லுக்கும் போனோம். தொட்டியில் சாம்பல் நிறக் கூழ் சுழன்றுகொண்டிருந்தது. வெளியே வெயிலில், ஈரமான புதுத் தட்டுகள் வரிசையாகக் காய்ந்தன. மேஸ்திரி, “என்னம்மா காணாப் போச்சு? பத்திரமா? நகைச் சீட்டா?” என்று கேட்டார். அக்கா ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.

திரும்பி நடக்கும்போது, “கிணத்துல விட்டிருந்தாலாவது யாசீன் ஓதி விட்டிருப்பாங்க” என்றார். இறந்தவர்களுக்காக அவர்கள் ஓதுகிற வேத அத்தியாயம் அது.

தொலைந்த புத்தகத்துக்கு விதி உண்டு

மறுநாள் தாளாளரைப் பார்த்தோம். அக்கா கேட்டது ஒன்றுதான்: மிச்சமிருக்கிற புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

“ரெண்டு வெரக்கடை ஓரந்தானம்மா போச்சு? நடுவுல எழுத்து அப்படியே இருக்குதில்ல? நாங்க வச்சுக் காப்பாத்தறோம். வேணும்னா ஆண்டு விழாவுல உங்களுக்கு ஒரு பொன்னாடை போட்டரலாம். என்னங்க தனசேகரன்?”

“போட்டரலாமுங்க ஐயா.”

“பொன்னாடையெல்லாம் வேணாங்க. சேலை விக்கிறவ நான், எங்கிட்ட துணிக்குக் கொறச்சலில்ல. எங்கம்மா எழுதுனதைக் குடுங்க.”

தாளாளருக்கு அந்தத் தொனி பிடிக்கவில்லை. “ஸ்டாம்பு அடிச்சாச்சும்மா. அது இப்ப காலேஜ் சொத்து. ஆய்வுக் குழுவுக்கு லிஸ்ட்டும் போயாச்சு” என்று எழுந்துவிட்டார்.

வெளியே வராண்டாவில் நூலகர் என்னைத் தனியாக இழுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். பயந்த மனிதர்கள் நல்லது செய்யும்போதும் திருட்டுத்தனமாகத்தான் செய்வார்கள்.

“இத பாரு மாதேசு. நன்கொடையத் திருப்பிக் குடுக்க ரூல்ல எடமே இல்ல. ஆனா தொலைஞ்சுபோன புஸ்தகத்துக்கு ரூல் இருக்குது. அலமாரிச் சாவி இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது. உன்ற பேர்ல எடுத்துக்க. காணாமப் போச்சுன்னு எழுதிக் குடு. பதிவேட்டுல இருக்கற வெலையப்போல ரெண்டு மடங்கு, பைண்டிங் பண்ணுன புஸ்தகம்னா அந்தச் செலவும். கட்டிட்டா கணக்கு முடிஞ்சுது. யாரும் கேக்க மாட்டாங்க.”

“அலமாரியில எடம் காலியா இருந்தா ஐயா கேப்பாருங்களே?”

“அதுக்கா ஆளில்ல?” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆண்டு மலர்கள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்து அதே சிவப்புக் காலிகோவில் பைண்டு செய்து உள்ளே நிறுத்திவிட்டார். அளவு கச்சிதம். ஆய்வுக் குழு வந்தது, கண்ணாடிக்கு வெளியே நின்று தலையாட்டியது, கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. அந்தக் குழுவில் ஒருவராவது அலமாரியைத் திறக்கச் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். போனில் கேட்ட அப்பா, “தண்ணி வராத எடத்துல எதுக்கு இன்னும் பைப்ப எறக்கோணும்? வா ஊட்டுக்கு” என்றார்.

ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பிற்பகல் கட்டண ஜன்னலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ‘நூல் தொலைந்துவிட்டது’ என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, தொலைந்த நூல் என் பக்கத்திலேயே வெள்ளைத் துணியில் சுற்றி ஜமீலா அக்காவின் கையில் இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் அங்கே சம்பளம் வர வேண்டுமே.

நான் பர்ஸை எடுத்தேன். அக்கா என் கையைத் தள்ளினார். “நீங்க சும்மா இருங்க தம்பி. குடுத்தது நான். மீட்டுட்டுப் போறதும் நானாத்தான் இருக்கணும்.”

விலை அச்சிடாத நூல்களுக்கெல்லாம் நூலகர் பதிவேட்டில் ஒரே தொகைதான் போடுவார், நூற்றிருபது ரூபாய். இதற்கும் அதுதான். இரண்டு மடங்கு இருநூற்று நாற்பது. வெட்டி, பசை போட்டு, தப்பான பக்கத்தில் தலைப்புப் பொறித்த கூலி நூற்றைம்பது. ரசீதில் மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய். மீதி பத்து ரூபாய்க்குச் சில்லறை இல்லையென்று நானூறாக வாங்கிக்கொண்டார்கள்.